வேலைக்குச் சேரும் நாளில் கையில் வாங்க வேண்டிய காகிதம்!

எளாவூர் ஒரு சின்ன ஊர். சென்னையில் இருந்து கூடூர் செல்லும் ரெயில் பாதையில், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம். அதற்கு அடுத்தது ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் தடா. ஆந்திரா வந்துவிடும்.

கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. கடலோடு கலக்கும் உப்புநீர் ஏரிகளில், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுதான். சுண்ணாம்புக்குளம், நொச்சிக்குப்பம் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறாலும் நண்டும் மீனும் பிடித்துப் பிழைத்து வந்தன.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஏரி தூர்ந்து வருகிறது. கடல்நீர் உள்ளே வரும் முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. வலையில் விழுவது குறைந்தால், வீட்டில் அடுப்பு எரிவதும் குறையும் அல்லவா?

ஆகவே பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். தெற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. வடக்கே எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. இடையில் லேத் பட்டறைகள், ஐஸ் பேக்டரிகள், குடோன்கள், ஓட்டல்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ. படித்த பையன்களும் பெண்களும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிவிடுகிறார்கள்.

பையன் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா கேட்பாள்: "சம்பளம் எவ்வளவுப்பா?"

அப்பா கேட்பார்: "ஆர்டர் கொடுத்தாங்களா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் ஒரே பதில்தான்: "மூணு மாசம் போகட்டும்னு சொல்றாங்க!"

அந்த மூன்று மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

புதிய சட்டம்

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி, மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த 29 சட்டங்களுக்குப் பதிலாக வந்தவை இவை. தொழிற்சங்கங்கள் பல இவற்றை எதிர்க்கின்றன. ஆட்குறைப்பு எளிதாகிவிடும், வேலைநிறுத்த உரிமை குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அது பெரிய வழக்கு. ஆனால் இவற்றில் ஓர் அம்சத்தைப் பற்றி யாருக்கும் தகராறு இருக்க முடியாது.

வேலைக்கு ஆள் எடுத்தால் நியமனக் கடிதம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் அது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். சேரும்போதே கொடுக்க வேண்டும். ஏற்கனவே கடிதம் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு, சட்டம் அமலுக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அதாவது 2026 பிப்ரவரிக்குள், கொடுத்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இது பழைய சங்கதி. இங்கிலாந்தில் 1963-ம் ஆண்டிலேயே, வேலையின் நிபந்தனைகளை எழுதித் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போது அதற்கு 13 வாரம் அவகாசம் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் அந்த அவகாசத்தையும் எடுத்துவிட்டார்கள். முதல் நாளே கையில் கொடுத்தாக வேண்டும்.

பாடு முறை

ஏரிக்கரை மக்களுக்கு இந்த விஷயம் ஒன்றும் புதிது அல்ல. பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை நெடுங்காலமாக இருக்கிறது. நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊரில் உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று கணக்கு உண்டு. சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இடம் பிரித்துக் கொள்வார்கள். கணக்கில் பெயர் இருந்தால் பாடு உண்டு. இல்லாவிட்டால் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கம்பெனியும் அப்படித்தான். உழைப்பு எத்தனை உழைத்தாலும், கணக்கில் பெயர் ஏறிய நாளில் இருந்துதான் உரிமை ஆரம்பம்.

அப்படி இருந்தும் தொழிலாளி ஏன் காகிதத்தைக் கேட்பதில்லை? ஒன்று, கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். இன்னொன்று, கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.

இரண்டாவது பயத்துக்கு வரலாறு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழர்களைக் கட்டிப்போட்டது "துண்டு" என்ற ஒரு சின்னக் காகிதம்தான். தொழிலாளி பட்ட கடனை யாராவது கட்டினால் அவனை அனுப்பத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு ஆளும் கைமாறுவான். 1921-ம் ஆண்டில் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இந்தியாவிலும் அந்தக் காலத்து மில்களில் ஆள் சேர்த்தது மேஸ்திரிதான். எழுத்து ஒன்றும் கிடையாது. மேஸ்திரிக்கு மாமூல் கொடுத்தால் வேலை. கொடுக்காவிட்டால் மறுநாள் வேறு ஆள். 1931-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன் இந்த மேஸ்திரி முறையைக் கண்டித்தது.

காகிதம் தொழிலாளியைக் கட்டியதும் உண்டு. காகிதம் இல்லாமல் தொழிலாளி சீரழிந்ததும் உண்டு. என்ன எழுதியிருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லலாம். ஒரு நகல் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். ஆதார் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். முதலாளிக்கு ஜெராக்ஸ் போதும்!

105 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

ஒரு கணக்குப் பார்ப்போம்.

எளாவூர்ப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. 12 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேருகிறான். மாதம் 14,000 ரூபாய் சம்பளம்.

10 பேருக்குக் குறையாத இடம் என்பதால் இ.எஸ்.ஐ. உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் சேரவேண்டும். தொழிலாளி தரவேண்டியது நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி தரவேண்டியது நூற்றுக்கு மூன்றே கால் ரூபாய். இந்தப் பையன் கணக்கில் மாதம் 105 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி 455 ரூபாய் கட்டுவார்.

அதற்கு என்ன கிடைக்கும்? பையனுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்துவிட்டால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி உதவி பின்னால் வரும். மூன்று மாதம் பெயரைப் பதியாமல் இழுத்தடித்தால், உதவியும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

இயந்திரத்தில் கை மாட்டிவிட்டால் கதை வேறு. வேலையில் நடந்த விபத்துக்கு இத்தனை நாள் என்ற நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாள் நடந்தாலும் உதவி உண்டு. குணமாகும் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கு வரும். உயிரே போய்விட்டால், அவனை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்த 90 பங்கைப் பகிர்ந்து மாதாமாதம் கொடுப்பார்கள்.

எளாவூர்ப் பையன்கள் தேசிய நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். லாரிகள் ஓயாத சாலை. வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு சம்பந்தப்பட்டது என்று காட்ட முடிந்தால், அதுவும் வேலை விபத்தாகவே கருதப்படும்.

ஆனால் அவன் அந்தப் பட்டறை ஆள்தான் என்று காட்டுவது எப்படி? இங்கேதான் அந்த ஆர்டர் வருகிறது. பதியாத தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் உதவி செய்துவிட்டு, முதலாளியிடம் வசூல் செய்யலாம். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் மகனுக்காக, "இவன் எங்க ஆளே இல்லை" என்று சொல்லும் ஒருவரிடம் தாய் நின்று மன்றாடுவது என்ன கொடுமை!

சின்ன முதலாளியின் கஷ்டம்

முதலாளி என்றால் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்ல. பட்டறைக்காரர் காலையில் தானே ஷட்டரைத் தூக்குகிறார். தானே சரக்கு வாங்குகிறார். தானே வசூலுக்கு அலைகிறார். வங்கிக் கடன் வேறு. இதற்கு நடுவே இந்தப் படிவம், அந்தப் பதிவேடு, கம்ப்யூட்டரில் ஏற்று என்றால் அவருக்குத் தலை சுற்றுகிறது. ஆடிட்டருக்கும் பணம் அழவேண்டும்.

சேர்ந்த பையன் நாலு நாளில் நின்றுவிடுகிறான் என்பதும் அவர் சொல்லும் குறை. அதிலும் உண்மை இருக்கிறது. "நிலைக்கிற ஆள்தானா என்று பார்த்துவிட்டுப் பதியலாம்" என்று அவர் நினைப்பது அதனால்தான்.

அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 பேருக்குக் குறைவாக இருந்து, இ.எஸ்.ஐ. பாதுகாப்பே இல்லாத இடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலையில் ஒருவர் இறந்துவிட்டால், நஷ்ட ஈடு முழுவதும் முதலாளி தலையில்தான். 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வரும் விதி இது. சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 20 வயதுக்கு அந்த எண் 224. பாதிச் சம்பளம் 7,000 ரூபாய். பெருக்கினால் 15 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய்!

பட்டறையை விற்றாலும் அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம். மாதம் 455 ரூபாய் கட்டுகிற முதலாளி உண்மையில் தன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக் கொள்கிறார்.

பி.எப். பணம்

20 பேர் வேலை செய்தால் பி.எப். கட்டாயம். 15,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள எல்லோரும் சேரவேண்டும். அதே 14,000 ரூபாயில் நூற்றுக்கு 12 வீதம் 1,680 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே 1,680 ரூபாய் போடவேண்டும். முதலாளி போடுவதில் 1,166 ரூபாய் பென்ஷனுக்குப் போகும். மீதி 514 ரூபாய் தொழிலாளி கணக்கில் ஏறும்.

பத்து வருஷம் சந்தா கட்டினால் பென்ஷன் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்சும் உண்டு. அதற்குத் தொழிலாளி தனியாக ஒன்றும் கட்டவேண்டியது இல்லை. இது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

பி.எப். எண் ஒருவருக்கு ஒன்றுதான். கும்மிடிப்பூண்டியில் இருந்து எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வேலை மாறினாலும் எண் மாறாது. பழைய எண்ணைப் புதிய முதலாளியிடம் சொல்லவேண்டும். சொல்லாமல் புது எண் வாங்கிக்கொண்டால், பணம் இரண்டு இடத்தில் முடங்கும். பத்து வருஷக் கணக்கும் உடைந்து போகும்.

2025 ஆகஸ்டு முதல் புது எண் வாங்க, செல்போன் முன் முகத்தைக் காட்டவேண்டும். முகம் ஆதாரோடு ஒத்துப்போனால்தான் எண் பிறக்கும்.

தமிழனுக்கு இங்கே ஒரு விசேஷத் தொல்லை காத்திருக்கிறது. அதுதான் இனிஷியல்! ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பாஸ் புத்தகத்தில் ஓர் எழுத்து இருக்கும். பள்ளிச் சான்றிதழில் இங்கிலீஷ் எழுத்தே மாறியிருக்கும். எளாவூர் எல்லையோரம் ஆனதால் தெலுங்கு உச்சரிப்பும் வந்து கலந்துகொள்ளும். ஆள் ஒருவன்தான். காகிதத்தில் மூன்று பேர்!

சேரும் நாளில் இதைச் சரிசெய்வது சின்ன வேலை. எட்டு வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது சரிசெய்வது பெரிய வேலை. பிறந்த தேதிக்கு ஆதார் கார்டை மட்டும் நம்பக்கூடாது. 2024 ஜனவரியில் இருந்து, பிறந்த தேதிக்கான அத்தாட்சியாக அதைப் பி.எப். ஆபீஸ் ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ வேண்டும். டி.சி.யைப் பத்திரமாக வையுங்கள் என்று வாத்தியார் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான் போலும்.

புதுத் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம்

முதன்முதலாகப் பி.எப்.பில் சேரும் தொழிலாளிக்கு மத்திய அரசு ஊக்கத்தொகை ஒன்றை அறிவித்திருக்கிறது. 2025 ஆகஸ்டு 1-ந்தேதிக்கும் 2027 ஜூலை 31-ந்தேதிக்கும் இடையே வேலையில் சேருகிறவர்களுக்கு இது பொருந்தும். ஒரு மாதச் சம்பளம், 15,000 ரூபாய்க்கு மேற்படாமல், இரண்டு தவணையாக வரும். ஆறு மாதம் வேலை செய்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடிந்து, பணத்தைக் கையாளுவது பற்றிய சிறு பாடத்தையும் முடித்தால் இரண்டாவது தவணை.

முதலாளிக்கும் பங்கு உண்டு. 50 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம், கூடுதலாக இரண்டு பேரையாவது சேர்த்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். 14,000 ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கிடைக்கும். பொருள் உற்பத்தி செய்யும் தொழில் என்றால் நான்கு வருஷம்.

ஆறு மாதம் என்பது எந்த நாளில் இருந்து? பி.எப். கணக்கில் ஏறிய சேர்ந்த தேதியில் இருந்துதான். "மூன்று மாதம் போகட்டும்" என்று சொன்னவருக்கும் நஷ்டம், கேட்டுக்கொண்டவருக்கும் நஷ்டம்.

நம் பட்டறையில் 12 பேர்தானே, பி.எப். இல்லையே என்று கேட்கலாம். முதலாளியும் தொழிலாளர்களும் சம்மதித்தால், 20 பேர் இல்லாமலே விரும்பிச் சேர வழி இருக்கிறது.

காண்ட்ராக்ட் ஆளும் பெண்களும்

தொழிற்பேட்டையில் பலர் கம்பெனி ஆட்கள் அல்ல, காண்ட்ராக்ட்காரரின் ஆட்கள். உள்ளே பார்ப்பது ஒரே வேலை. சம்பளம் கொடுப்பவர் வேறு. அவர்கள் ஆர்டரைக் காண்ட்ராக்ட்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் எந்தக் கம்பெனியில் வேலை என்பதும் எழுதியிருந்தால் நல்லது. காண்ட்ராக்ட்காரர் பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டாமல் போனால், கம்பெனியே பொறுப்பு ஏற்கவேண்டும் என்று விதி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. அந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டவர்களிடம் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி: "480 நாள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" நியமனக் கடிதமும் மாதாமாதம் வாங்கிய சம்பளச் சீட்டும்தான் அதற்குப் பதில் சொல்லும்.

இறால் உரிக்கும் ஷெட்டில் எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களும் தொழிலாளிகள்தான். மாதச் சம்பளம் இல்லை என்பதால் அவர்கள் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்து, முந்தைய இரண்டு ஆறு மாதக் கணக்கில் 70 நாள் சந்தா ஏறியிருந்தால், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. கல்யாணமான பெண் வேலைக்குச் சேரும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான். மாமியார்களும் இதைத் தெரிந்துகொண்டால் தேவலை!

நாமினி

படிவங்களில் கடைசியாக இருப்பது நாமினி. அவசரத்தில் "அம்மா" என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். கல்யாணம் ஆகாத பையனுக்கு அது சரிதான்.

ஆனால் கல்யாணம் ஆன உடனே பி.எப்.பில் அந்தப் பழைய நாமினி செல்லாது. புதிதாக எழுதித் தரவேண்டும். மனைவி பெயரை எழுதாமல் விட்டவர் இறந்துவிட்டால், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்க நேரிடும். இருவரும் ஒரே மனிதனுக்காக அழுகிறவர்கள்தான்.

நாமினியை மாற்ற முதலாளியைத் தேடிப் போகவேண்டியது இல்லை. பி.எப். எண்ணோடு ஆதாரும் செல்போன் நம்பரும் இணைந்திருந்தால், மனைவியின் போட்டோவையும் விவரத்தையும் ஏற்றி, கம்ப்யூட்டரிலேயே மாற்றிவிடலாம். கட்டணம் கிடையாது.